மோட்டார் ரூமுக்குப் பின்னால்

அங்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லி இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது, அதற்குப் பிறகு நான் பத்துச் சல்லடை மண்ணாவது சலித்திருப்பேன், மண்ணெல்லாம் கீழே போய்விட்டது, இந்த இரண்டு வார்த்தை மட்டும் மேலே நின்றுகொண்டு போகமாட்டேன் என்கிறது. வேண்டாம் என்பதில் என்ன இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை வேண்டாம் சொல்கிறார், ரசம் வேண்டாம், ஃபேன் வேண்டாம், இந்நேரத்துக்கு உங்க அம்மாவுக்குப் போன் போட வேண்டாம். அதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மோட்டார் ரூமைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார், பிறகு கையை லுங்கியில் துடைத்தார். கையில் ஈரம் இல்லை. அப்போதே கவனித்தேன், கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி, ஏனுங்க, அங்கதான் கறுப்பு மண்ணு தங்கியிருக்கும், வெள்ளம் திரும்பற எடம், கனமானதெல்லாம் அங்கதான் எறங்கும் என்று இன்னொரு தடவை சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. அதுவும் சரசக்கா பக்கத்தில் நிற்கும்போது. சரசக்கா இந்த ஆற்றில் இருபது வருடமாகப் பழங்காசு தேடுகிறவள், மண்ணை முகர்ந்தே சொல்வாள் என்பார்கள். கான்வென்ட்டுப் புள்ளைக்கு மண்ணு இங்கிலீசுல பேசுதாட்டம் இருக்குது என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே மோட்டார் ரூம் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என்னுடையதும் அதே பார்வைதான். அதற்குப் பிறகு இவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் குனிந்து குனிந்து நிமிர்கிறார். நான் பார்த்தவரையில் ஒரு கூடை மண்ணும் அலசுவதற்கு வரவில்லை. குழி மட்டும் ஆழமாகிக்கொண்டே போகிறது.

ஞாயிற்றுக்கிழமை. அமராவதியில் தண்ணீர் ஒரு ஓரமாக, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. பாப்பாவுக்கு ஒன்பதரைக்குப் பால் கொடுத்து, சீமைக்கருவேல மரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டிருக்கிறேன், பன்னிரண்டு வாக்கில் எழுந்துவிடுவாள், அதுவரைக்கும் என் கை என்னுடையது. ஐந்து மாதம் முடிந்துவிட்டது அவளுக்கு. ஐந்து சல்லடைக்கு ஒரு முறை எழுந்து போய்த் தொட்டிலை விலக்கி, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வந்து விரலில் படுகிறது. வெதுவெதுப்பாக, அவ்வளவு சின்னதாக. பட்ட பிறகும் இன்னொன்று வரட்டும் என்று நிற்பேன், அதற்கும் பிறகு இன்னொன்று. ஏம்புள்ள, தூங்கற கொழந்தைய உத்துப் பாத்தா ஆகாது என்று சரசக்கா சொல்வாள். ஆகாதுதான், என் வீட்டில் எத்தனையோ ஆகாது. வாரநாளில் இவர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் செய்கிறார், ஞாயிறு ஆனால் ஆறு. இந்த ஊரில் நிறையப் பேருக்கு இப்படித்தான். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றுமண்ணைத் தோண்டிச் சலித்து, தங்கினதைத் தட்டில் போட்டுத் தண்ணீரில் சுழற்றினால், லேசான மண் ஓடிப்போய் அடியில் கறுப்பு மண் நிற்கும். அந்தக் கறுப்புக்குள்தான் எல்லாம். சேரர் காசு, ரோமாபுரிக் காசு, பாசிமணி, உடைந்த மோதிரம், ஈயக்குண்டு. கல்யாணம் ஆன புதிதில் இவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. ஹிஸ்டரி புத்தகத்தில் படம் பார்த்துப் படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கினவள் நான், அது காலுக்குக் கீழே கிடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதல் நாள் எனக்கே கிடைத்தது. இவர் கூட்டி வந்தார், வீட்டுக்குள்ளேயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும், சும்மா வந்து உக்காரு என்றார், நான் சும்மா உட்கார்ந்து சும்மா ஒரு தட்டைச் சுழற்றினேன். விரலுக்குத்தான் முதலில் தெரியும், கண்ணுக்கு அப்புறம். கல் என்றால் உருண்டு ஓடும், இது ஓடாமல் விரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. சதுரம். என் சுண்டுவிரல் நகம் அளவு. பச்சைக் களிம்பு ஏறி ஒரு பூச்சி மாதிரி இருந்தது. தண்ணீரில் தேய்க்கத் தேய்க்க ஒரு பக்கம் யானை வந்தது, முதுகு வந்தது, தும்பிக்கை வந்தது, திருப்பினால் வில்லும் அம்பும். அப்போது வயிற்றுக்குள் ஒன்று துள்ளியது. அந்தத் துள்ளலை எங்கே வைத்துப் பார்த்திருக்கிறேன் என்று யோசித்து, கண்டுபிடித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மூத்தவன் முதன்முதலில் உள்ளே அசைந்தபோது அப்படித்தான் இருந்தது. அவன் போய் அப்போது மூன்று மாதம். மூன்றே மாதத்தில் ஒரு செப்புத்துண்டுக்காக என் வயிறு துள்ளுகிறதே என்று வெட்கமாக இருந்தது, யாரோ பார்த்துவிட்ட மாதிரி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன், ஆனால் கை மறுபடி தட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு ஞாயிறை விட்டது அபூர்வம். வயிற்றில் பாப்பா இருந்தபோதுகூட ஏழாம் மாதம் வரை வந்து கரையில் உட்கார்ந்து தட்டு சுழற்றினேன். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி முந்தியில் முடிந்து வைத்து, ஆற்றைக் கடக்கும்போது அவிழ்ந்து விழுந்திருக்கும், அவள் எவ்வளவு தேடியிருப்பாள், அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கிறது. காணாமல் போனது எங்கேயும் போய்விடுவதில்லை, கீழேதான் இருக்கிறது, போதுமான அளவு சலித்தால் வரும். இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதைச் சலித்துக்கொண்டிருக்கிறேன் என்று இன்று காலை வரைக்கும் என்னையே நான் கேட்கவில்லை.

ஒரு நாள் இருந்தான். சாயங்காலம் பிறந்து மறுநாள் சாயங்காலம் போனான். ஆபரேஷன் செய்த வயிற்றோடு நான் வார்டில் கிடந்தேன், ஒரே ஒரு முறை கொண்டுவந்து காட்டினார்கள், இடது காது மட்டும் மடிந்திருந்தது, காகிதத்தின் ஓரம் மடிந்த மாதிரி, நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கையை நீட்டினேன், நர்ஸ் அப்புறம் அப்புறம் என்று எடுத்துக்கொண்டு போனாள். இவரும் இவருடைய சித்தப்பாவும் ஒரு டர்க்கித் துண்டில் சுற்றி எடுத்துப் போனதாக மறுநாள்தான் தெரியும். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். எங்கே என்று பெற்றவளுக்குச் சொல்லமாட்டார்கள். இது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முன்னாலேயே கேட்டு வைத்திருப்பேனோ என்னவோ, யார் அதை முன்னால் கேட்பார்கள். மூன்றாம் நாள் பால் வந்தது. அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல, அது பாட்டுக்கு வந்தது, கல்லாகக் கட்டிக்கொண்டது. அத்தை இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார், பூவுக்குப் பால் வற்றிவிடும் என்று. நாள் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணந்துகொண்டு படுத்திருந்தேன். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் எங்கே என்று கேட்டதற்கு, எடம் தெரிஞ்சா மனசு அங்கயே போயி நின்னுக்கும் சாமி, அப்புறம் அடுத்தது தங்காது, கேக்காத என்றார். இவரிடம் மூன்று முறை கேட்டேன். முதல் முறை அழுதார். இரண்டாவது முறை எழுந்து வெளியே போனார். மூன்றாவது முறை, சித்தப்பாதான் எல்லாம் பாத்தாரு, எனக்குத் தெரியாது புள்ள என்றார். சித்தப்பா போன வருடம் தவறிவிட்டார். அவரோடு அதுவும் போயிற்று என்று நானே முடிவு கட்டி, அந்தக் கேள்வியை எடுத்து உள்ளே எங்கேயோ வைத்துவிட்டேன். இவர் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து என் கட்டில் ஓரத்தில் நின்றபோது கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே நின்றார். நகத்துக்குள் மண் இருந்தது. கறுப்பு மண். ஆற்று மண் என்றால் அப்போது எனக்கு என்ன தெரியும், ஏதோ அழுக்கு என்று நினைத்தேன், கை கழுவிட்டு வாங்க என்றுகூடச் சொன்னேன். கடவுளே, கை கழுவிட்டு வாங்க என்றேன்.

அப்படியானால் அங்கேதான். இதோ, இப்போதுதான், தட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே அது அடியில் வந்து நிற்கிறது. எனக்குத் தெரியாது என்றவர் அங்க வேண்டாம் என்கிறார். தெரியாதவருக்கு எந்த இடமும் ஒன்றுதானே. மோட்டார் ரூம் பாழடைந்து கிடக்கிறது, யாரும் போவதில்லை, கரையோரம் மேடு, மண் இளக்கமாக இருக்கும், இரண்டு ஆண்கள் பொழுது சாய்கிற நேரத்தில் கையில் ஒரு துண்டோடு வந்தால் அங்கேதான் போவார்கள், நானாக இருந்தாலும் அங்கேதான் போவேன். அந்த இடத்தை நான் கைநீட்டிக் காட்டி, கனமானதெல்லாம் அங்கதான் இறங்கும் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன். இவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இந்தத் தடவை வெள்ளம் வந்த நாலு நாளும் இவர் ராத்திரி தூங்காமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்ததை நான், பட்டறையில் ஏதோ பிரச்சினை என்று நினைத்தேன். இல்லை, இல்லாமலும் இருக்கலாம். பாம்புக்காகச் சொல்லியிருக்கலாம், கரை சரியும் என்று சொல்லியிருக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், நானாக ஒன்றைக் கோத்துக்கொண்டு, எழுந்து போய்த் தொட்டிலைப் பார்க்கவேண்டும், இடம் தெரிந்தால் அடுத்தது தங்காது என்று அத்தை சொன்னாரே, தெரிந்துவிட்டதா எனக்கு, இது தெரிந்ததாகக் கணக்கா, இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே, சொல்லாதவரை தெரியாதது மாதிரிதானே. மூக்குக்குக் கீழே விரல். வருகிறது. இன்னொன்று. வருகிறது. பள்ளியில் பென்சில் தொலைந்தால் சிஸ்டர்கள் அந்தோணியாரிடம் கேட்கச் சொல்வார்கள், அவர் தேடித் தருவார் என்று. நாங்கள் இந்துப் பிள்ளைகளும் கேட்போம், எங்களுக்கும் தந்தார். இந்த மூன்று வருடமும் ஒவ்வொரு தட்டுக்கும் மனசுக்குள் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். காசுக்காகக் கூப்பிடுகிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு. அவர் நான் கேட்டதைத் தந்துவிட்டார் போலிருக்கிறது, இப்போது வாங்கிக்கொள்ளப் பயமாக இருக்கிறது, வேண்டாம் சாமி எனக்குத் தெரியவேண்டாம், இவளை மட்டும் விட்டுவை, நான் பி.எஸ்ஸி படித்தவள், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இவளை மட்டும் விட்டுவை.

சரசக்கா எழுந்துவிட்டாள். கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு சேலையை இடுப்பில் ஏற்றிச் செருகுகிறாள். இங்க தகரமும் மூடியுமாத்தான் வருது, நீ சொன்ன எடத்தத்தான் பாக்கோணும், உன்ற ஊட்டுக்காரருக்கு வேண்டாம்னா எனக்குமா வேண்டாம் என்றாள், காசு கெடைச்சா உனக்கொரு பங்கு உண்டு பயப்படாத என்று சிரித்தாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் மண்வெட்டி எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும், ஒரே போடு, முழங்கால் ஆழம். அக்கா என்று கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் ஏன் என்பாள், ஏன் என்றால் சொல்லவேண்டும், சொன்னால் அது நிஜமாகிவிடும். எதிர்ப்பக்கம் இவரைப் பார்த்தேன், குழிக்குள் குனிந்திருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, தொட்டிலில் இருந்து பாப்பாவை வாரி எடுத்திருக்கிறேன், அவள் தூக்கம் கலைந்து சிணுங்குகிறாள், செருப்பு ஒன்று மணலில் கழன்று விழுந்தது, எடுக்கவில்லை, சரசக்கா வழியில் வெற்றிலையைத் துப்ப நின்ற இடத்தில் அவளைத் தாண்டிப் போனேன், ஓடவில்லை, ஓடினால் குழந்தை குலுங்கும். மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிழல் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்திருந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண், ஒரே வழவழப்பாக, ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை, ஒரு கல் இல்லை. எந்த இடம் என்று எதை வைத்துச் சொல்வது. நடுவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து ஜாக்கெட்டைத் தளர்த்திப் பாப்பாவுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தேன், பால் கொடுக்கிறவளை யாரும் எழுப்பமாட்டார்கள்.

ஏம்புள்ள, நெழலு வேணும்னா மரத்தடியில இல்லாத நெழலா, எந்திரிச்சு அக்கட்டால உக்காரு கண்ணு என்று சரசக்கா வந்து நின்றாள். இங்க வேண்டாங்க்கா என்றேன். அவனும் அதையேதான் சொல்றான், நீயும் அதையேதான் சொல்றே, புருசனும் பொண்டாட்டியும் பேசி வெச்சுட்டு நீங்களே அள்ளிக்கலாம்னு பாக்கறீங்களாக்கு என்றாள். பாதி கிண்டல், பாதி நிஜம். கான்வென்ட்டில் எனக்கு எவ்வளவோ சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், எழுந்து நின்று அனுமதி கேட்க, மன்னிப்புக் கேட்க, நன்றி சொல்ல. இது என்னுடையது என்று சொல்ல யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தலை குனிந்து பாப்பாவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டியின் நிழல் என் மடிக்குப் பக்கத்தில் அசைந்தது. பிறகு இன்னொரு நிழல் வந்தது. இவர் ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது, தலையெல்லாம் மண். நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தார், சரசக்கா கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். உன்ற பொண்டாட்டிய எந்திரிக்கச் சொல்லு லோகு என்றாள் அவள்.

அவர் திரும்பி நடந்து மோட்டார் ரூம் மூலைக்குப் போனார், சுவரில் குதிகாலை ஒட்டவைத்து நின்றார். பிறகு ஒவ்வொரு எட்டாக எடுத்து வைத்து வந்தார். உதடு அசைந்தது. அடி மாறாமல், ஒரே அளவாக, பட்டறையில் இரும்புத் தகட்டுக்கு அளவெடுக்கிறவர் மாதிரி. பழகின நடை அது. முதல் தடவை அளக்கிறவர் அப்படி நடக்கமாட்டார். பதினொன்று என்று அவர் வாய் சொன்னது எனக்குக் கேட்டது. நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் நான்கடி இருக்கும்.

"அங்க இல்ல புள்ள," என்றார். "இங்க."

அவர் காலடி மண்ணைப் பார்த்தேன். "ஒரு கல்லு வெச்சிருந்தேன், வெள்ளத்துல போயிருச்சு. வர்றப்பல்லாம் அளந்து பாத்துக்குவேன்," என்றார், யாரிடமோ தப்பை ஒப்புக்கொள்கிற குரலில். சரசக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மடியில் இருந்தவளைப் பார்த்தாள். மண்வெட்டியைச் சத்தம் வராமல் தரையில் படுக்கவைத்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் போய்விட்டாள். பாப்பா குடிப்பதை நிறுத்தவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய், அது இருந்தது, இவள் மூச்சு என் மாரில் படப்பட அது ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் எழுந்தேன். அவளைப் பிடுங்காமல் அப்படியே அணைத்துக்கொண்டு நான்கடி நகர்ந்தேன். அவர் காலை எடுத்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தேன், விரலை மடக்காமல், கிளறாமல். மேலே சூடாக இருந்தது. மூன்று வருடத்தில் நான் கேட்கவே முடியாமல் போன எத்தனையோ இருந்தன, எவ்வளவு ஆழம், துண்டோடவா, வாயில் பால் ஏதும் விட்டீர்களா, அந்தக் காதை யாராவது நீவிவிட்டார்களா. கேட்டது வேறொன்று.

"தலை எந்தப் பக்கமுங்க?"

குனிந்து, தெற்கே, என் முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த இடம் என் மடியோரம் வரும்படி நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.